முதலில் அந்தக் கடிதத்தைப் பிரியுங்கள்

கேள்வி: வங்கித் தேர்வுக்காகத் தினமும் முப்பது கடினமான ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் மறந்துவிடுகின்றன. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பாங்கிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதைப் படித்துச் சொல்லும்படி அப்பா வேறு தொந்தரவு செய்கிறார். சொற்கள் மனத்தில் தங்க என்ன வழி? — மேலூர் வாசகர்

பதில்: தம்பி, சொற்களைப் பற்றிப் பிறகு பேசுவோம். அந்தக் கடிதம் வந்து எத்தனை நாளாயிற்று? உங்களை ஆங்கிலம் படிக்கவைக்க வீட்டு நகையை அடகு வைத்த தகப்பனார், அதே ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் நேரம் பார்த்து நிற்கிறார். அதைத் தொந்தரவு என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நகைக்கடன் கெடு தாண்டினால், ஏலத்துக்கு முன் கடன் வாங்கியவருக்கு பாங்க் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். வந்திருப்பது அதுவாக இருந்தால் ஒவ்வொரு நாளும் நஷ்டம்தான். பெற்றவர்களுக்கு ஒரு தாளைப் படித்துச் சொல்ல உதவாத படிப்பைப் படிப்பென்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

நீங்கள் நோட்டில் எழுதி உருப்போடும் சொற்களில் ‘ரிடீம்’ (மீட்பது), ‘பிளெட்ஜ்’ (அடகு), ‘அக்ரூ’ (வட்டி சேர்வது), ‘டிஃபால்ட்’ (கெடு தவறுவது) போன்றவையும் இருக்கும்; அவை நகைக்கடன் கடிதங்களில் புழங்குபவை. அம்மாவின் சங்கிலியை எந்தத் தேதிக்குள் மீட்க வேண்டும் என்று சொல்லும் வாக்கியத்தில் ‘ரிடீம்’ என்பதை ஒருமுறை படித்துவிட்டால், பிறகு அதை உருப்போட வேண்டியிருக்காது. பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து பார்த்த எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், அவற்றில் பெரும்பகுதி ஒரே நாளில் மறந்துபோவதை 1885-இல் பதிவு செய்தார். வாக்கியத்திலிருந்து பிடுங்கி எடுத்த சொல்லுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். முப்பதைப் பத்தாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் சொந்த வாக்கியத்தில் எழுதி, மறுநாளும் மூன்றாம் நாளும் அடுத்த வாரமும் நோட்டை மூடிவைத்து நினைவுபடுத்திப் பாருங்கள். கிளார்க் முதல்நிலைத் தேர்வின் 100 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 30; அதிலும் பத்தியைப் புரிந்துகொள்வது, பிழை காண்பது போன்றவைதான் அதிகம். எனவே ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை நாள் தவறாமல் படியுங்கள். மதுரைக்கு வரும் நாளில் நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

இதெல்லாம் நாளைக்கு. இன்று மாலை அப்பாவை அருகில் அமரவைத்து, கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லுங்கள். கெடு நெருங்கியிருந்தால் காலையில் அவருடன் பாங்குக்குப் போய், வட்டியைக் கட்டினால் அவகாசம் கிடைக்குமா என்று மேலாளரிடம் நீங்களே கேளுங்கள்.