மூன்றரைக்கு எழும் அப்பா, எழுப்பினாலும் எழாத மகன்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. அவன் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், விடியற்காலம் மூன்றரைக்கே எழுந்து போய்விடுவார். இவனோ ராத்திரி ஒரு மணி வரை போனும் கையுமாக இருக்கிறான். ஐந்தரை மணி டியூஷனுக்கு எழுப்பினால் எரிந்து விழுகிறான். மழையில் பால் வெட்டு இல்லாத நாட்களில் அப்பாவுக்கும் மகனுக்கும் காலையிலேயே சண்டை. என்னிடம் ஒட்டிக்கொண்டே கிடந்தவன் இப்போது கதவைச் சாத்திக்கொள்கிறான், கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை. இது சோம்பலா, மனநல டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது சோம்பல் இல்லை. டாக்டரிடம் ஓடும் முன் அவன் தூக்கத்தைச் சரிசெய்து பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

பத்து வயதில் ஒன்பது மணிக்கே கண் சொருகியிருப்பான். வயதுக்கு வரும் காலத்தில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பது ஒன்று, இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. அதனால் பத்தரை, பதினொரு மணி வரை அவனுக்கு உண்மையிலேயே தூக்கம் வராது. அதற்கு மேல் ஒரு மணி வரை விழித்திருப்பது செல்போனால் வருவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. ஒரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தால் கிடைப்பது நான்கு மணி நேரம். அந்தத் தூக்கத்தோடு நாம் இருந்தாலும் எரிந்துதான் விழுவோம்.

அப்பாவுக்கு இது புரிவது கஷ்டம்தான். தான் இருட்டில் மரம் மரமாக நடந்து பால் வெட்டிவிட்டு வரும்போது மகன் போர்த்திக்கொண்டு கிடந்தால் யாருக்கும் கோபம் வரும். அவரிடம் அவர் தொழிலை வைத்தே பேசிப் பாருங்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்றுதானே அவர் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அந்த நேரத்தில் போகிறார்? மரத்துக்கு ஒரு நேரம் இருப்பதைப் போல இந்த வயதுப் பிள்ளையின் உடம்புக்கும் ஒரு நேரம் இருக்கிறது, சில வருஷங்களில் அது தானாக மாறும் என்று சொல்லுங்கள்.

முதலில் அந்த ஐந்தரை மணி டியூஷனை மாலைக்கு மாற்றக் கேளுங்கள். முடியாது என்றால் நிறுத்திவிடலாம் என்பேன். நம் மாவட்டத்தில் விடியற்கால டியூஷனைப் பெருமையாக நினைக்கிறோம், ஆனால் பகலில் படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். அப்புறம், படுக்கிற நேரத்தை விட்டுவிட்டு எழுகிற நேரத்தைப் பிடியுங்கள். தினமும் ஆறரை, ஞாயிற்றுக்கிழமை ஏழரை. எழுந்ததும் கட்டன் சாயாவோ பாலோ எதுவானாலும் முற்றத்தில் வெளிச்சத்தில் உட்கார்ந்து குடிக்கட்டும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் ராத்திரித் தூக்கம் முன்னால் வரும். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள். மாலை நான்குக்கு மேல் டீ, காபி வேண்டாம். போன் ராத்திரி ஒன்பதரைக்கு ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். உங்கள் போனும் அதே இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் கேட்க மாட்டான்.

கோபத்தைப் பற்றி ஒன்று. உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதி இந்த வயதில் முழு வேகத்தில் இருக்கும். அதை அடக்கும் மூளையின் முன்பகுதி முழுசாக வளர இருபத்தைந்து வயது வரை ஆகும். கத்தும்போது பதிலுக்குக் கத்தாமல், அரை மணி நேரம் கழித்துப் பேசுங்கள். எதிரே உட்கார வைத்து விசாரித்தால் வாய் திறக்க மாட்டான். மரச்சீனிக் கிழங்கு உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் அவனாகவே ஏதாவது சொல்வான். கதவைச் சாத்துவது இந்த வயதுக்கு இயல்பு. தட்டிவிட்டு உள்ளே போங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்தே கிடக்கிறான், பிடித்த விளையாட்டு, நண்பர்கள் எதுவும் வேண்டாம் என்கிறான், சாப்பாடு குறைந்துவிட்டது, மார்க் திடீரென விழுகிறது, போதைப் பழக்கம் தெரிகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கையைக் கீறிக்கொண்டாலோ, செத்துப்போகலாம் என்கிற பேச்சு வந்தாலோ அன்றைக்கே கூட்டிப்போங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் 14416 இலவச எண், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கோயிலுக்கு வருவதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என்னை நிறுத்தியது அந்த வரிதான். இதே வயதில் ஒரு பையனை அவன் அம்மா இப்படித்தான் என்னிடம் கூட்டி வந்தார். கொளுத்தும் வெயிலிலும் சட்டைக்குள் இறுக்கமான பனியன் போட்டிருந்தான். அம்மாவை வெளியே அனுப்பியபின், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, மார்பில் கட்டி வந்திருக்கிறது என்றான். காம்புக்குக் கீழே சின்ன வட்டமாய், தொட்டால் லேசாக வலிக்கும் வீக்கம். கூட்டுக்காரர்களோடு ஆற்றில் குளிக்கப் போவதை நிறுத்திவிட்டான். நம் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தானே உள்ளே போக வேண்டும், அதனால் அதையும் நிறுத்திவிட்டான். ஹார்மோன் மாற்றத்தால் இந்த வயதுப் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி வரும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தானாகப் போய்விடும். பெரிதாகிக்கொண்டே போனாலோ, நீர் கசிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் மகனுக்கும் இதுதான் என்று சொல்லவில்லை. குரல் உடைவதாகவோ பருவாகவோ, வேறெதுவாகவோ இருக்கலாம். ஆனால் இதை அவனிடம் அப்பா பேசினால் நல்லது. மழையில் பால் வெட்டு இல்லாத ஒரு நாளில், சண்டைக்குப் பதிலாக, தனக்கு அந்த வயதில் என்னென்ன வந்தது என்று சொல்லித் தொடங்கட்டும்.