கல்லீரலைக் குற்றம் சொல்லாதீர்கள்: பரம்பரைத் தசை நோய் கேள்வி-பதில்

எங்கள் பையனுக்கு ஐந்து வயது. மேடு ஏறும்போது பின்தங்குகிறான், அடிக்கடி விழுகிறான். ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அதிகம் என்று மஞ்சள் காமாலைக்கு மருந்து தருகிறார்கள். கீழாநெல்லியும் கொடுத்தோம். எண் குறையவே இல்லை. (ஏற்காடு, காபித் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு தகப்பனார்)

கண் மஞ்சளாக இருப்பதாக நீங்கள் எழுதவில்லையே! அந்த இரண்டு நொதிகளும் தசையிலும் உண்டு. தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும். கல்லீரலை மட்டும் துரத்திக்கொண்டு மாதங்களை வீணடிப்பது நான் அடிக்கடி பார்க்கும் கூத்து.

பையனைத் தரையில் உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, பிறகு தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மீதே ஏறுவது போல எழுந்தால் இடுப்புத் தசை பலவீனம். கெண்டைக்கால் பருத்திருந்தால் நல்ல வலு என்று பெருமைப்பட வேண்டாம். உடனே சி.பி.கே. (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) பரிசோதனை செய்யுங்கள். சுமார் 200-க்குள் இருக்க வேண்டியது, டுஷேன் தசைச்சிதைவில் (மரபணுக் குறையால் தசை படிப்படியாகச் சிதையும் நோய்) பல ஆயிரங்களைத் தொடும்.

அப்படி இருந்தால் அடுத்தது மரபணுப் பரிசோதனை. பெரும்பாலோருக்கு ரத்தத்திலேயே விடை கிடைத்துவிடும்; எடுத்தவுடன் தசையை வெட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஸ்டீராய்டு நோயைக் குணப்படுத்தாது, ஆனால் நடக்கும் காலத்தை நீட்டிக்கும். எப்போது தொடங்குவது என்பதை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்வார். இதயத்துக்கு எக்கோவும் தவறாமல் வேண்டும். கீழாநெல்லியை நிறுத்திவிடலாம்.

என் கணவர் எனக்குத் தாய்மாமன். மகனுக்கு டுஷேன் உறுதியாகிவிட்டது. சொந்தத்தில் கட்டியதால்தான் என்று ஊரே பேசுகிறது. மாமியாரோ என் ராசி என்கிறார். (அம்மாபேட்டை)

ஊரும் தவறு, மாமியாரும் தவறு. டுஷேன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தகப்பன் உறவா அந்நியமா என்பது இங்கே பொருட்டே இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்குத் தாயிடமும் இல்லாமல் புதிதாகவே தோன்றுகிறது. (வேறு சில தசை நோய்களில் நெருங்கிய உறவுத் திருமணம் நிச்சயமாக ஆபத்தைக் கூட்டும்.)

இன்னொன்று: உங்கள் மாமியார் உங்கள் அம்மாவைப் பெற்றவரும்கூட. நீங்கள் இந்தக் குறையைச் சுமப்பவர் என்றால், அது அவர் வழியாகவே வந்திருக்கலாம். சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. உங்களுக்கு உறுதியானால் அம்மாவும் சகோதரிகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அடுத்த குழந்தை வேண்டுமென்றால் கருவுறும் முன்பே மரபியல் ஆலோசனைக்குச் செல்லுங்கள்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்று விளம்பரம் வருகிறது. நிலத்தை விற்கலாமா? (ஓமலூர்)

விற்காதீர்கள். தசைச்சிதைவுக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. முறையான ஆய்வில் சேருபவரிடம் பணம் கேட்க மாட்டார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தசைச்சிதைவு இடம்பெற்றிருக்கிறது. முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்குங்கள்.

வெள்ளிப் பட்டறையில் கொலுசு பற்றவைக்கிறேன். இடுக்கியை இறுகப் பிடித்தால் விரல்கள் சட்டென்று விரிவதில்லை. அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே கண்புரை. எனக்கு அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷன். (செவ்வாய்ப்பேட்டை)

மயோடோனிக் தசைச்சிதைவாக (இறுகிய தசை தளரத் தாமதமாகும் பரம்பரை நோய்) இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். இளவயதுக் கண்புரையும் அதன் முகம்தான். இதயத் துடிப்பின் மின்பாதையையும் தாக்கும் என்பதால் முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள். கையைப் பற்றிய விஷயத்தை மயக்க மருந்து மருத்துவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். வழக்கமான சில மருந்துகளை அவர் தவிர்க்க வேண்டியிருக்கும், மூச்சு தெளியத் தாமதமாகலாம். அவசரமில்லை என்றால் பரிசோதனை முடியும்வரை தேதியைத் தள்ளிவையுங்கள். வீக்கம் உள்ளே போகாமல் கடுமையாக வலித்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்.