மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவரிடமும் 'சொந்த ஊர் எது?' என்று கேட்கிறார்களே, ஏன்?

கேட்பதை நேரில் பார்த்திருக்கிறேன். திருமலை நாயக்கர் மஹாலுக்குப் பின்னால் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தின் மாடியில் பதினோரு வருடம் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டுப் பேரனுக்கும் எனக்கும் ஒரே கம்பெனியில் வேலை. சேர்ந்த முதல் வாரம், டீக்கடையில் மூத்த ஆள் ஒருவர் அவனிடம் ஆரம்பித்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மதுரைதாண்ணே."

"அது சரி, சொந்த ஊரு?"

"அதுவும் மதுரைதாண்ணே."

"இல்லப்பா, வீட்ல வேற என்னமோ பேசுறீங்கள்ல, அதக் கேட்டேன்."

என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் தமிழ் பேசுகிறவன், அதனால் மதுரைக்காரன், அவ்வளவுதான் கணக்கு. நிஜத்தில் என் அப்பா கமுதிப் பக்கத்தில் மழை பொய்த்த ஒரு வருடம், டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர். எங்களுக்கு மதுரையில் ஐம்பது வருடம்கூட ஆகவில்லை.

கீழ்வீட்டுக்காரர்களின் கதை வேறு. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து கிளம்பிய பட்டு நெசவாளர்கள், தேவகிரி, விஜயநகரம் என்று தங்கித் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்தார்கள் என்பது அவர்களுக்குள் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. நிச்சயதார்த்தத்தில் இரண்டு வீட்டாரும் இந்த வழியைக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம்கூட ஒரு காலத்தில் இருந்தது. திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. அந்தக் கணக்கில் பார்த்தாலும் முந்நூற்று ஐம்பது வருடத்துக்கு மேல். அரண்மனை இப்போது நிற்பதைவிடப் பல மடங்கு பெரியது. இடிந்துபோன பகுதிகளின் மேல்தான் அக்கம்பக்கத்துத் தெருக்கள் முளைத்தன. பத்துத்தூண் சந்தில் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்கும் தூண்கள் அந்த அரண்மனையின் மிச்சம். (அரண்மனையைக் கட்டியவரின் வம்சமும் தெலுங்கு பேசி வந்ததுதான். அவரிடம் போய் யாரும் சொந்த ஊர் கேட்டதாகத் தெரியவில்லை.)

வந்த வழி அவர்கள் பேச்சிலேயே இருக்கிறது. அடிப்படை வடக்கத்திப் பேச்சு, அதில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஏறிக் கிடக்கின்றன. கீழ்வீட்டுப் பாட்டி போனில் பத்து நிமிடம் சௌராஷ்டிரத்தில் பேசுவார், எனக்கு ஒரு சொல் பிடிபடாது. நடுவில் திடீரென்று "சரி, அப்புறம்?" என்று வரும். மளிகைச் சீட்டு எழுதுவது தமிழ் எழுத்தில். சௌராஷ்டிரத்துக்கென்று தனி எழுத்து உண்டு, 2008-இல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. ஆனால் அந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்த ஆள் இல்லை.

இன்னொரு அடையாளம் இனிஷியலில் ஒளிந்திருக்கிறது. டி.எம். சௌந்தரராஜன் 1922-இல் மதுரையில் பிறந்தவர், தாய்மொழி சௌராஷ்டிரம். அவருடைய 'எம்' அப்பா பெயர் மீனாட்சி அய்யங்கார். 'டி' என்பது தொகுளுவா, அதாவது வீட்டுப் பெயர். சௌராஷ்டிரர் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பெயர் உண்டு. ழகரத்தை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று தமிழ்நாடே அவர் பாட்டைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டது. அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் அந்த டீக்கடை அண்ணனும் யோசிக்காமல் மதுரை என்பார்.

மனிதர்களிடம் கேட்கும் இந்தக் கேள்வியைப் பொருள்களிடம் யாரும் கேட்பதில்லை. சுங்குடிப் புடவை மதுரையின் பெயரிலேயே புவிசார் குறியீடு வாங்கியது. அதன் வேலையைப் பாருங்கள்: துணியை நகநுனியால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி, சாயத்தில் முக்கிக் காயவைத்து, இரண்டு ஓரத்தையும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று அவிழ்ந்து வெள்ளைப் புள்ளிகள் தெரியும். குஜராத்துப் பாந்தினியும் இதே முடிச்சு வேலைதான். பாட்டி சின்ன வயதில் வீட்டில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டவர். இன்று கடையில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பாலும் அச்சுப் புள்ளி. முடிச்சுப் போட்ட துணியை உள்ளங்கையால் தடவினாலே தெரிந்துவிடும் என்பார், கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும். சாயங்காலம் அந்தத் தெருக்களில் இட்லிப்பொடி தூவித் தருகிற முள்ளுமுருங்கை வடையும் அவர்கள் கைப்பக்குவம்தான். நாம் 'மதுரை ஸ்பெஷல்' என்று சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: நம் பேச்சில் 'ஊர்' என்பது நாம் இருக்கும் இடம் அல்ல, லீவுக்குப் போகும் இடம். போவதற்கு ஓர் ஊர் இருக்கிறவனிடம் யாரும் துருவுவதில்லை. இல்லாதவரிடம்தான் "அது சரி, சொந்த ஊரு?" என்று இரண்டாம் தடவை கேட்கிறார்கள்.

ஒவ்வொரு சிவராத்திரிக்கும் குலசாமி கும்பிட நாங்கள் கமுதிக்குப் போவோம். சாவியைப் பாட்டியிடம் கொடுத்து "ஊருக்குப் போயிட்டு வந்துர்றோம்மா" என்பார் அப்பா. ஒரு வருடம் பாட்டி கேட்டார், "அங்க இப்ப யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா. வீடுகூட இடிஞ்சு போச்சு. சாமி மட்டுந்தான்."

"போங்க, போயிட்டு வாங்க. நாங்க எங்க போக? இங்கனயேதான் கிடப்போம். மோட்டார் போட்டு வைக்கணுமா?"

தண்ணித் தொட்டி நிரம்பும் நேரத்தை அப்பா சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினார்.