இன்ஜினியரிங் முடித்தவர்கள் படிக்கிற பிள்ளைகளுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

வேலைக்குப் போய்க் கொஞ்சம் நிலைத்துவிட்டேன், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய ஆசை, பணம் கொடுப்பதா, பள்ளியில் போய்ப் பேசுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கொடுக்க முடிந்தால் தாராளமாகக் கொடுங்கள். பேச்சை மட்டும் விட்டுவிடலாம் என்பேன். மேடை போட்டு, சால்வை போர்த்தி, அப்துல் கலாமைப் பற்றி நாம் முக்கால் மணி நேரம் பேசும்போது பிள்ளைகள் மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு ஆள் தேவைப்படுவது ஜூன், ஜூலையில், இன்ஜினியரிங் சீட்டுக்கான கவுன்சிலிங் நேரத்தில்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரூர் பக்கம் ஒரு கிராமம், அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2007இல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள், கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்து 200க்குக் கட்-ஆஃப். கோச்சிங் என்றால் என்னவென்றே தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய கதவு. மெக்கானிக்கல் எடுத்தேன், 2011இல் முடித்துக் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன், சம்பளம் 8,000 ரூபாய். கல்லூரி லேபில் மைக்ரோமீட்டரைப் பார்த்திருந்தேனே தவிர, அதை ஒழுங்காகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஐடிஐ படித்த ஒரு டர்னர் அண்ணன்தான். "கையால முறுக்காத தம்பி, பின்னாடி இருக்கிற ராட்செட்டைத் திருப்பு, டிக் டிக்னு சத்தம் வந்ததும் நிறுத்து" என்பார். கையால் இறுக்கினால் அவரவர் பலத்துக்கு ஏற்றபடி அளவு மாறும், 0.01 மில்லிமீட்டர் பார்க்கிற கருவியில் அது போதும் வேலை கெட. இன்றைக்கு டிசைன் பிரிவில் உட்கார்ந்து, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரை வரைகிறேன், அந்த அண்ணன் போட்ட பிச்சை என்று சொன்னால் மிகையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் காலத்தில் கவுன்சிலிங்குக்குக் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய்த் திரையில் காலியிடம் பார்த்துக் கல்லூரி எடுத்தோம். 2018இலிருந்து எல்லாம் ஆன்லைன். பஸ் செலவு மிச்சம்தான், ஆனால் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற வாய்ப்பும் போய்விட்டது. இப்போது பிரவுசிங் சென்டர்காரர் என்ன தட்டுகிறாரோ அதுதான் சாய்ஸ் லிஸ்ட், அதாவது எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாகக் கொடுக்கிற பட்டியல். அதில் எப்போதும் நடக்கிற கூத்து ஒன்று: கட்டாயம் கிடைக்கும் என்று நினைக்கிற கல்லூரியை "சேஃப்டிக்கு" முதலில் போட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரின் லிஸ்டையும் மேலிருந்து பார்த்து வரும், எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும், அதற்குக் கீழே நீங்கள் ஆசைப்பட்ட கல்லூரி காலியாகவே இருந்தாலும் அது கண்டுகொள்ளாது. ஆகவே ஆசை வரிசையில் போட வேண்டும், சேஃப்டி எல்லாம் கடைசியில். இதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் சொல்ல ஆள் இல்லாத வீடுகள்தான் அதிகம். கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும், பெயரை விட்டுவிட்டு ஒவ்வொரு கல்லூரிக்கும் தனியாக இருக்கிற கோடு (code) நம்பரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அப்புறம் பணம். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கிறவருக்குக் கிடைக்கிற முதல் பட்டதாரி சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் கிடையாது. அது டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான், கல்லூரி பஸ்ஸும் ஹாஸ்டலும் தனி, அதில்தான் பல அப்பாக்கள் திணறிப்போகிறார்கள். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் ஹாஸ்டல் உட்பட அரசே கட்டுகிறது. இது தெரியாமலே "சீட் கன்ஃபர்ம் பண்ணித் தர்றேன்" என்று வீட்டுக்கு வருகிற புரோக்கரிடம் ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டு நிற்பார்கள். ஒரிஜினலை எவனிடமும் கொடுக்காதீர்கள் என்று நான் ஊரில் கத்திக்கொண்டே இருக்கிறேன்.

சேர்ந்த பிறகு அடுத்த அடி விழுவது இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில், அதாவது பொருள்களையும் அவற்றை வெட்டினால் தெரிகிற வடிவங்களையும் தாளில் வரைகிற பாடத்தில். தமிழ் வழிப் பிள்ளைகள் கணக்கில் கெட்டி, இங்கே வந்து முதல் வருஷத்திலேயே அரியர் வைப்பார்கள், அத்தோடு மனசு விட்டுவிடும். புரியாதது படம்கூட இல்லை, வகுப்பில் ஆங்கிலத்தில் ஓடுகிற அந்த வேகம்தான். அதனால் கல்லூரி திறப்பதற்கு முன்னால் நானும் என் செட்டும் ஊர் நூலகத்தில் சில நாள் அதை மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். கருவி என்ன தெரியுமா? கேரட்டும் கத்தியும். கேரட்டைக் கூம்பாகச் சீவிக்கொண்டு, நேராகக் குறுக்கே வெட்டினால் வட்டம், கொஞ்சம் சாய்த்து வெட்டினால் நீள்வட்டம், ஒரு பக்கச் சரிவுக்கு இணையாக அடிவரை வெட்டினால் பரவளையம். வெட்டிய முகத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையச் சொன்னால், "அண்ணா, இது பத்தாவதுல பார்த்த கிராஃப்பாச்சே" என்று ஒருவனாவது கத்துவான். மிச்சக் கேரட்டைத் தின்றுவிடுவார்கள், அது வேறு விஷயம்.

"மெக்கானிக்கல் எடுக்கலாமா அண்ணா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். உங்கள் பிரிவை விற்காதீர்கள். தொடக்கச் சம்பளம் குறைவு, ஷிஃப்ட் இருக்கும், இரும்பை உருக்கி வார்க்கிற ஃபவுண்டரியின் சூடு இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். பிடித்தவன் அதற்கப்புறமும் எடுப்பான். அதே மாதிரி கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் எந்தக் கல்லூரியானாலும் பரவாயில்லை என்று ஓடுகிறவர்களிடம், ஒரு நாள் அந்தக் கல்லூரிக்குப் போய் லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, பாடம் எடுக்கிறவர்கள் நிலையாக இருக்கிறார்களா என்று அங்கே படிக்கிற பையன்களிடமே விசாரித்துவிட்டு வரச் சொல்கிறேன்.

இன்னொன்று, தனியாகச் செய்யாதீர்கள், செட்டில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். பொம்பளப் பிள்ளையை ஹாஸ்டலில் விடலாமா, மெஷின் ஓட்டுகிற இடத்துக்கெல்லாம் வேலைக்கு அனுப்பலாமா என்று அம்மாக்கள் கேட்பார்கள். நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. என்னோடு படித்த தோழி ஒருத்தி ஓசூரில் புரொடக்‌ஷன் பார்க்கிறாள், போனைப் போட்டு அவளிடமே கொடுத்துவிடுவேன், அவர்கள் பேச ஆரம்பித்தால் என் போன் திரும்பி வர அரை மணி நேரம் ஆகும்.