பௌர்ணமி இரவில் சனிவார் வாடாவில் அழுகுரல் கேட்குமா?

கேள்வி: புனேயில் உள்ள சனிவார் வாடா கோட்டையில், கொலையுண்ட ஒரு சிறுவனின் ஆவி பௌர்ணமிதோறும் அழுவதாகச் சொல்கிறார்கள். உண்மையா? குடும்பத்தோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம். பேய் உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. நாத்திகன் என்று பட்டம் கட்டக் கிளம்புகிறவர்கள் சற்றுப் பொறுங்கள்; மின்சாரம் போன இரவில் மாடிப்படி ஏறும்போது நானும் முருகனைக் கூப்பிடுகிறவன்தான். ஆனால் வேலை நிமித்தமாகப் பல வருடங்கள் புனேயில் குடியிருந்தவன் என்ற முறையில், இந்தக் கதையை யார் கேட்டாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

முதலில், அவர் சிறுவன் அல்ல. மராத்திய அரசை நடத்திய பிரதமர்களுக்குப் பேஷ்வா என்று பெயர்; சனிவார் வாடா அவர்களுடைய மாளிகை. அந்த வரிசையில் வந்த நாராயண்ராவ் பேஷ்வாவுக்கு அப்போது வயது 18. திருமணமானவர். மனைவி கங்காபாய் கர்ப்பிணி. கொலை நடந்தது 1773 ஆகஸ்ட் 30, கணபதி விழா நாள்களில், அதுவும் பட்டப்பகலில். கார்தி எனப்பட்ட கூலிப்படைக் காவலர்கள், சுமேர் சிங் என்பவன் தலைமையில், சம்பளப் பாக்கி கேட்பதுபோல் அரண்மனைக்குள் புகுந்தார்கள். நாராயண்ராவ் ஓடினார். எங்கே ஓடினார் தெரியுமா? அதே மாளிகையில் காவலில் வைக்கப்பட்டிருந்த சித்தப்பா ரகுநாத்ராவின் அறைக்கு. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "காகா, மலா வாச்வா", அதாவது "சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்" என்று கதறினார். அந்தச் சித்தப்பாவின் கையாள்தான் அவரைப் பிய்த்து இழுத்தான் என்பார்கள். அந்தக் கதறல்தான் பௌர்ணமியில் கேட்பதாகப் பேச்சு. கொலை நடந்த அன்று வளர்பிறைத் திரயோதசி, முழுநிலவுக்கு மிக அருகில். பௌர்ணமி என்ற பேச்சு அங்கிருந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். நாராயண்ராவைப் பிடிக்கச் சொன்ன கடிதத்தை ரகுநாத்ராவின் மனைவி ஆனந்திபாய் கொல்லச் சொல்வதாகத் திருத்தினாள் என்ற கதையும் கூடவே வரும். அதற்குள் போனால் இந்தப் பதில் முடியாது.

எனக்கு உறுத்துவது வேறு. அவரைக் காக்கப் பாய்ந்து விழுந்து வெட்டுப்பட்டார் சாபாஜி டிளேகர் என்ற பணியாளர். அன்று பணிப்பெண்களும் செத்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட ஆவி இல்லையா? அழுவதற்கும் பேஷ்வா பட்டம் வேண்டுமா? சரி, பட்டம் இருந்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. நாராயண்ராவ் இறந்த பிறகு பிறந்த மகன் சவாய் மாதவராவ் 1795-இல், 21 வயதில், இதே மாளிகையின் மேல்தளத்திலிருந்து விழுந்து உயிர்விட்டார். தவறி விழுந்தாரா, தானே குதித்தாரா என்று இன்னும் வாதம் நடக்கிறது. நம் பேய் வேட்டைக்காரர்கள் யாரும் அவரைத் தேடி வருவதில்லை.

இப்போது என் அனுபவம். என் மைத்துனர் குடும்பத்தோடு புனே வந்திருந்தார். அஜந்தா வேண்டாம், லோனாவாலா வேண்டாம், சனிவார் வாடாவில் பௌர்ணமி இரவுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மாலையிலேயே கோட்டையை மூடிவிடுவார்கள் என்றேன். வெளியே நின்றாவது கேட்போம் என்றார். கோட்டையைக் கட்டிய பேஷ்வா பாஜிராவ் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலைக்குப் பக்கத்தில் போய் நின்றோம். எங்களைப் போலவே வேறு சிலரும் கைப்பேசியை மதிலை நோக்கி நீட்டியபடி நின்றிருந்தார்கள். பின்னால் சிவாஜி சாலையில் ஓயாத வண்டிச் சத்தம். பதினொரு மணி இருக்கும், பக்கத்துக் கூட்டத்தில் ஓர் இளைஞன் கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, "காகா... மலா வாச்வா..." என்று ஓர் இழுப்பு இழுத்தான். என் கண்முன்னால்தான். அவன் நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மைத்துனர் அதற்குள் ஆட்டோ நிறுத்தத்தில் இருந்தார்.

இதுவரை சரி. ஊர் திரும்பியதும் அந்த ஒலிப்பதிவை, சிரிப்பு வரும் இடத்தை நறுக்கிவிட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார் மனிதர். "அத்தானும் கூட இருந்தார், கேட்டுப் பாருங்கள்" என்று என்னைச் சாட்சியாக வேறு சேர்த்துவிட்டார். நான் மறுத்து எழுதினால், "பயத்தை மறைக்கிறார்" என்று பதில். அந்தப் பயணத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது நான். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. தூக்கம் கெட்டு நடுராத்திரியில் அத்தனை பேருக்கும் தோசை வார்த்த என் மனைவிக்கு ஒரு நன்றிகூட இல்லை. விருந்தாளியாகப் போகிறவர்கள் வீட்டுக்காரருக்கும் மறுநாள் அலுவலகம் உண்டு என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கக் கூடாதா?

விஷயத்துக்கு வருகிறேன். காலையில் போங்கள். தில்லி தர்வாஜா என்ற முதன்மை வாசலின் கதவுகளில் யானையின் நெற்றி உயரத்துக்கு இரும்பு முட்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். கதவை யானை முட்டி உடைக்காமலிருக்க அந்த ஏற்பாடு. கதவிலேயே ஒரு திட்டிவாசல் இருக்கிறது. கூட்டமாக யாரும் பாய்ந்து நுழைய முடியாது, குனிந்து ஒவ்வொருவராகத்தான். இவ்வளவு காவல் செய்த கோட்டைக்குள் ஆபத்து உள்ளிருந்தே வந்தது. உள்ளே மாளிகையைத் தேடாதீர்கள். 1828 பிப்ரவரி 27-இல் பற்றிய தீ ஏழு நாள்கள் எரிந்தது. மிஞ்சியது மதில்களும் கொத்தளங்களும் அடித்தளக் கற்களும்தான். ஆவி ஓடுவதாகச் சொல்கிறார்களே, ஓடுவதற்குக் கூடம் ஏது? புல்தரையில் ஓட வேண்டும். ஹசாரி காரஞ்சே என்ற தாமரை வடிவ நீரூற்றைத் தவறவிடாதீர்கள். பிறகு நாராயண் தர்வாஜா. உடலை அந்த வழியாகத்தான் எடுத்துப் போனார்களாம், பெயரும் அதனால்தான்.

மராத்திய வரலாறு உனக்கென்ன தெரியும் என்று கேட்க வருபவர்களுக்கு: புனேக்காரர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். ஆட்சியைப் பிடித்துக்கொண்ட ரகுநாத்ராவையே குற்றவாளி என்று சொன்ன ராம் சாஸ்திரி பிரபுணே என்ற நீதிபதியைப் பற்றி எத்தனை பேய்க் காணொளிகள் பேசுகின்றன? எனக்குக் கண்ணில் பட்டதில்லை.

மைத்துனர் வந்திருந்தபோதே ஒரு பகல் வேளையில் அவருடைய மகனையும் அழைத்துப் போய் நாராயண் தர்வாஜா எதிரில் முழுக் கதையையும் சொன்னேன். பேயைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. "மாமா, அந்தச் சித்தப்பாவுக்கு என்ன தண்டனை கிடைத்தது?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். பதவி போனதும் ஆங்கிலேயரிடம் ஓடினார், 1775-இல் சூரத் உடன்படிக்கை போட்டார், அதனால் மூண்ட முதல் ஆங்கிலேய மராத்தியப் போர் 1782 வரை இழுத்தது. அதை முடித்துவைத்த சால்பாய் உடன்படிக்கையில் அவருக்கு ஓய்வூதியமும் ஏற்பாடு செய்துகொடுத்தார்கள்.