டிரான்ஸ்பர் போர்ட்டல் வந்தபின் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பள்ளி மாணவனுக்கு இடம் எங்கே?

கேட்கப்பட்டது இதுதான்: அமெரிக்கன் ஃபுட்பாலில் வீரர்கள் ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்குப் போவது எளிதானபின், பள்ளியிலிருந்து ஆள் எடுக்கும் முறை எப்படி மாறியிருக்கிறது? பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் ஆடும் பையன் என்ன செய்ய வேண்டும்?

அவனுக்கான இடங்கள் குறைந்துவிட்டன. முன்பு அவன் வயதுக்காரர்களோடு மட்டும் போட்டி போட்டான். இப்போது இரண்டு மூன்று சீசன் ஆடி உடம்பு தேறிய 21 வயது ஆட்களோடும் சேர்த்துப் போட்டி போட வேண்டியிருக்கிறது.

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ, கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயரை ஏற்றும் ஆன்லைன் பட்டியலாக இந்தப் போர்ட்டலைத் தொடங்கியது 2018 அக்டோபரில். அதற்கு முன் வேறு கல்லூரியோடு பேசவே இருக்கும் கல்லூரியின் அனுமதி வேண்டும். இப்போது வீரர் எழுத்தில் தெரிவித்தால் போதும், இரண்டு வேலை நாட்களுக்குள் கல்லூரி அவர் பெயரைப் பட்டியலில் ஏற்றியாக வேண்டும். பெயர் ஏறியதும் மற்ற கோச்சுகள் அவரோடு பேசலாம். மாறியவர் ஓராண்டு ஆடாமல் வெளியே உட்கார வேண்டும் என்ற விதி, முதல் முறை மாறுகிறவர்களுக்கு 2021இல் போனது. படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று 2024 ஏப்ரலில் அதையும் தளர்த்தினார்கள். 2021 ஜூலை 1 முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து வீரர்கள் சம்பாதிக்கவும் வழி திறந்தது. மாறும் சுதந்திரமும் பணமும் சில மாத இடைவெளியில் வந்து சேர்ந்ததால் ஒன்றை ஒன்று தூக்கிவிட்டன.

அதிகம் பேசப்படாத ஒரு விதி மாற்றம்தான் என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரியது. பழைய முறையில் ஓர் அணிக்கு 85 ஸ்காலர்ஷிப், ஆண்டுக்குப் புதிதாக 25 பேர் மட்டும். நான்கு ஆண்டுக்கு 100 பேர். காயம், படிப்பு, மனக்கசப்பு என்று சிலர் கழிய 85 நிற்கும். ஒரே குளிர்காலத்தில் முப்பது பேர் வெளியேறினால் கோச்சால் நிரப்பவே முடியாது. அதனால் இருப்பவர்களைப் பொறுமையாக வளர்த்தார். அந்த 25 என்ற உச்சவரம்பு 2022இல் தற்காலிகமாகவும் 2023இல் நிரந்தரமாகவும் நீங்கியது. அதன்பின் எத்தனை பேரையும் அனுப்பலாம், எத்தனை பேரையும் எடுக்கலாம். 2022 டிசம்பரில் கொலராடோவுக்குக் கோச்சாக வந்த டியான் சாண்டர்ஸ் 2023 சீசனுக்குள் அணியில் பெரும்பகுதியையே மாற்றியது இந்த வாசல் வழியாகத்தான்.

வீரர்களுக்குக் கல்லூரியே பணம் தரலாம் என்ற ‘ஹவுஸ்’ வழக்கு உடன்பாட்டை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றது அடுத்த அடி. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 85 ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணிக்கு மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்தது. முன்பு ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆடும் ‘வாக்-ஆன்’ பையன்களோடு சேர்த்து 120க்கு மேல் வைத்திருந்த அணிகள் உண்டு. அந்தப் பின்வாசல் பெரிதும் குறுகிவிட்டது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டுகளின் வீரர்களுக்கும் சேர்த்து நேரடியாகப் பங்கிடக்கூடியது சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரிய கல்லூரிகளில் அதில் சிங்கப்பங்கு ஃபுட்பாலுக்கே போகிறது.

பணத்துக்கு வரம்பு வந்ததும் கோச்சின் யோசனையும் மாறியது. பதினெட்டு வயது லைன்மேன் (முன்வரிசையில் மோதும் கனத்த ஆட்டக்காரன்) களத்தில் நிற்கும் உடம்பு பெற இரண்டு மூன்று ஆண்டு ஜிம்மும் சாப்பாடும் வேண்டும். தயாரான பிறகு அவன் வேறு இடத்துக்குப் போனால், வளர்த்த செலவு இங்கே, பலன் அங்கே. போர்ட்டலில் வருபவனுக்கோ நூற்றுக்கணக்கான ஆட்டத் துணுக்குகள் வீடியோவில் இருக்கின்றன, கல்லூரி எதிரிகளுக்கு எதிராகவே. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் இது உச்சம். 2022இல் கேலப் வில்லியம்ஸ், 2023இல் ஜேடன் டேனியல்ஸ், 2024இல் டிராவிஸ் ஹன்டர், 2025இல் ஃபெர்னாண்டோ மெண்டோசா என்று தொடர்ந்து ஹைஸ்மன் விருது (ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கானது) வாங்கியவர்கள் எல்லோரும் கல்லூரி மாறியவர்கள்; ஹன்டர் தவிர மற்ற மூவரும் குவார்ட்டர்பேக். மெண்டோசா கலிபோர்னியாவிலிருந்து இந்தியானா வந்த முதல் சீசனிலேயே அந்த அணி தேசிய சாம்பியன் ஆனது. அதன் கோச் கர்ட் சிக்னெட்டி 2023 இறுதியில் பொறுப்பேற்றபோது, தன் பழைய கல்லூரியான ஜேம்ஸ் மேடிசனிலிருந்தே பலரைக் கூட்டிக்கொண்டு வந்தவர்.

பள்ளி வீரர்களை மதிப்பிடும் தளங்கள் ஐந்து வரை நட்சத்திரம் தருகின்றன. நாலு, ஐந்து நட்சத்திரப் பையன்களுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. அவர்களை இன்றும் துரத்துகிறார்கள். அடி வாங்குவது மூன்று நட்சத்திரக்காரன்.

காலண்டரும் அவனுக்கு எதிராக இருக்கிறது. பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் கையெழுத்திடுவது டிசம்பர் முதல் வாரம். போர்ட்டல் திறந்திருந்தது 2026இல் ஜனவரி 2 முதல் 16 வரை. ஏப்ரலில் இருந்த இரண்டாவது வாய்ப்பை எடுத்துவிட்டார்கள். ஆக, ஜனவரியில் யார் போவார், யார் வருவார் என்று தெரியாமலே டிசம்பரில் கோச் வாக்கு கொடுக்கிறார். வாய்வார்த்தை ‘ஆஃபர்’ யாரையும் கட்டாது. மாணவனை ஒரு கல்லூரியோடு கட்டிவைத்த பழைய தேசியக் கையெழுத்துக் கடித முறையும் 2024 அக்டோபரில் ரத்தாகிவிட்டது. இப்போது கட்டுப்படுத்துவது உதவித்தொகை ஒப்பந்தம் மட்டும்தான். அது கையில் வரும்வரை மற்ற கல்லூரிகளோடு பேச்சை நிறுத்தாதீர்கள்.

கோச்சிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் இடத்தில் ஆடுபவர்கள் யார் யார், ஒவ்வொருவருக்கும் எத்தனை ஆண்டு மிச்சம்? கடந்த இரண்டு குளிர்காலத்தில் அந்த இடத்துக்குப் போர்ட்டலில் எத்தனை பேரை எடுத்தீர்கள்? உதவித்தொகை ஓராண்டுக்கா, பல ஆண்டுக்கா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால், அந்த இடத்தைப் போர்ட்டலில் நிரப்பப்போகிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பில், என்சிஏஏவின் மேல்மட்டமான முதல் டிவிஷனுக்கு 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும். அதில் 10 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், அந்த 16 பாடங்களில் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 2.3க்குக் குறையக் கூடாது. கடைசி ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் இந்தப் பத்தில்தான் மாட்டுகிறார்கள்.

சிறிய அணியில் தொடங்கி மேலே போவது இன்று மதிப்பான வழி. எஃப்சிஎஸ் (முதல் டிவிஷன் ஃபுட்பாலின் கீழ்த்தட்டு), இரண்டாம் டிவிஷன், இரண்டாண்டு ஜூனியர் கல்லூரி மூன்றிலும் களத்தில் நிற்கும் நேரம் கிடைக்கும். டியகோ பவியா ஜூனியர் கல்லூரியில் தொடங்கி, நியூ மெக்சிகோ ஸ்டேட் வழியாக வாண்டர்பில்ட்டுக்கு வந்தவர். ஜூனியர் கல்லூரி ஆண்டுகளைத் தான் ஆட அனுமதியுள்ள ஆண்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வழக்குப் போட்டு, 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை வாங்கி, இன்னொரு சீசனும் ஆடினார்.

ஆனால் மாறும்போது, முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட் கணக்கில் கோட்டை விடக் கூடாது. பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40, மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால் மூன்றாம் ஆண்டு முடிவில் 72. கையில் 78 இருந்தும் புதிய கல்லூரி உங்கள் பாடப்பிரிவுக்கு 60தான் ஏற்றால், மிச்சம் 12ஐக் கோடைக்கால வகுப்பில் ஈடுகட்டாமல் களமிறங்க முடியாது. கையெழுத்திடும் முன்பே எந்தப் பாடம் செல்லும் என்று பதிவாளர் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கோச்சின் வாய்மொழி இதற்கு உதவாது.

போர்ட்டலில் பெயர் போட்டதும் பழைய கல்லூரி அடுத்த பருவத்திலிருந்து உதவித்தொகையை நிறுத்தலாம், திரும்பி வந்தாலும் சேர்த்துக்கொள்ளக் கட்டாயமில்லை. ஆண்டுதோறும் எங்கும் இடம் கிடைக்காமல் பலர் போர்ட்டலிலேயே தங்கிவிடுகிறார்கள்.

விசாவில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு விஷயம்: பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4இல் இருக்கும் பிள்ளை வேலை பார்த்துச் சம்பாதிக்க முடியாது, மாணவர் விசாவான எஃப்-1இல் வேலைக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. விளம்பரப் பணமோ கல்லூரி தரும் பங்கோ வாங்கினால் விசாவுக்கே சிக்கல் வரலாம். ஒப்பந்தத்தை முதலில் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், ஏஜென்ட் அப்புறம்.