கேள்வி – பதில்: இம்பெல்லரைத் தின்பது மணலா, குமிழியா?

கேள்வி: வாய்க்காலிலிருந்து வட்டைக்கு 2 அங்குலப் பம்பால் இறைக்கிறோம். இந்தச் சிறுபோகத்தில் வாய்க்கால் வற்றத் தொடங்கியதும் பம்புக்குள் கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம், தண்ணீரும் குறைந்துவிட்டது. கழற்றினால் இம்பெல்லர் (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) அரித்துக் கிடக்கிறது. மணல் தின்றுவிட்டது என்கிறார் மெக்கானிக். சரியா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இம்பெல்லரைக் கழுவி, தண்ணீர் நுழையும் பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மணல் தேய்த்தால் வழவழவென்று, ஓட்டத்தின் திசையில் கோடு விழும். கறையான் அரித்த பலகைபோல் குழிகுழியாகச் சொரசொரத்தால் குமிழிகளின் வேலை. சத்தத்தை வைத்துப் பார்த்தால், எங்கள் சந்தேகம் குமிழிமேல்தான்.

பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் அதை மேலே தள்ளுகிறது. உறிஞ்சும் வழி அடைபட்டால் இம்பெல்லர் வாயில் அழுத்தம் விழும். சாதாரண வளியமுக்கத்தில் ஏறத்தாழ 4 சதவீதத்துக்கு அது இறங்கினால், 30 பாகைத் தண்ணீரே கொதித்து ஆவிக்குமிழி கட்டும். அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் குமிழி நொடிந்து, ஊசிபோன்ற நீர்த்தாரை உலோகத்தைக் குத்தும். ஒரே இடத்தில் ஓயாமல் குத்தினால் இரும்பும் உதிரும்.

வெளிக்குழாய் வால்வைப் பாதி மூடிப் பாருங்கள். சத்தம் அடங்கினால் சந்தேகமே வேண்டாம். (உறிஞ்சும் பக்கத்தை மட்டும் மூடிவிடாதீர்கள், நிலைமை மோசமாகும்.)

உறிஞ்சும் உயரம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது. உங்கள் வாய்க்காலில் அது பிரச்சினையாக இராது. நீர் இறங்கியதும், உறிஞ்சும் குழாயின் முனையிலுள்ள வடிகூடை சேற்றில் புதைந்து, சல்வீனியா அப்பியிருக்கும். அதைத் துப்புரவாக்கி, தடியில் கட்டித் தரைக்கு மேலே தொங்கவிடுங்கள். ஓட்டைகளின் மொத்தப் பரப்பு குழாய் வாயைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். ஹோஸையும் கழற்றி உள்ளே டோர்ச் அடியுங்கள். பழைய ஹோஸில் உட்தோல் உரிந்து, உறிஞ்சும்போது வழியை மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதுவரை எஞ்சின் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். இவற்றைப் பாராமல் இம்பெல்லரை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

கேள்வி: பாசிக்குடாவில் தலையை முக்கினால் சுள்ளி வெடிப்பதுபோல் கேட்கிறதே?
– வாசகி, வாழைச்சேனை

பதில்: பெரும்பாலும் சொடுக்கு இறால். 3 முதல் 5 சென்றிமீற்றர்தான் இருக்கும். பெரிய கொடுக்கை அது படாரென்று மூடும்போது பீறிடும் நீரில் குமிழி பிறக்கிறது. வெடிச்சத்தம் கொடுக்குகள் மோதுவதால் அல்ல, அந்தக் குமிழி நொடிவதால் என்பதை 2000ஆம் ஆண்டு அதிவேகக் கமெராவில் பிடித்தார்கள். நொடியும் கணத்தில் மங்கலாக ஒளியும் வரும், கண்ணுக்குத் தெரியாது. அக்கரைப்பற்று வாசகரின் இம்பெல்லரைத் தின்ற அதே குமிழிதான், இங்கே இரையை மயக்கிப் போடுகிறது.